தேய்த்ததால் வந்த பெயர்

குலசேகரம் பக்கத்தில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். என் வகுப்பில் பல பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போகிறவர். ஆறாம் வகுப்புக்கு வருகிறவர்களிடம் கொஞ்சம் ஒட்டுப்பால், அதாவது மரத்தில் ஒட்டி உறைந்த பால், கொண்டுவரச் சொல்வேன். கழுவிக் காயவைத்து உருட்டி, பென்சில் கோட்டின்மேல் தேய்த்தால் கோடு மங்கி மறைந்துவிடும். "பாலை வச்சே அழிக்கலாமா சார்?" என்று கண்கள் விரியும். இந்த வேலையைச் செய்ததால்தான் அதற்கு ரப்பர் என்று பெயரே வந்தது என்பேன்.

தென்னமெரிக்கப் பழங்குடிகள் மரப்பாலில் பந்தும் நீர் புகாத பொருள்களும் செய்தார்கள். அவர்கள் வழங்கிய பெயரைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'கவுச்சூ' என்று எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் கதை வேறு. பின்னாளில் ஆக்சிஜன் ஆய்வால் புகழ்பெற்ற ஜோசப் பிரீஸ்ட்லி, 1770இல் தொலைநோக்கு வரைகலை பற்றி எழுதிய நூலில், பென்சில் கோட்டை அருமையாகத் துடைக்கும் ஒரு பொருளைக் குறிப்பிட்டார். நெய்ர்ன் என்ற கருவி செய்பவரிடம் அரை அங்குலக் கட்டி 3 ஷில்லிங். அதுவரை ரொட்டித் துணுக்குதான் அழிப்பான். ஆங்கிலத்தில் 'ரப்' என்றால் தேய், தேய்ப்பது ரப்பர். அழிப்பானின் பெயர் பொருளுக்கும் மரத்துக்கும் பரவியது. முதல் குறிப்பு ஓர் ஓவியப் பாடநூலில் இருப்பதில் எனக்குத் தனிப் பெருமை!

பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், நாறும்; பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதை உறுதியாக்கும் வழியைக் கண்டார். இன்று கடையில் விற்கும் வெள்ளை ரப்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக்.

பென்சிலின் கிராஃபைட் தூள் காகித நார்களின் மேலே உட்கார்ந்திருக்கிறது. தேய்க்கும்போது காகிதத்தை விட்டு ரப்பரில் ஒட்டிக்கொண்டு துருவலாக உதிர்கிறது. மை அப்படியல்ல, நாருக்குள் ஊறிவிடும். அதனால்தான் தோலில் எழுதிய பழைய ஐரோப்பிய எழுத்தர்கள் பிழையைக் கத்தியால் சுரண்டினார்கள். 'இரேஸ்' என்ற ஆங்கிலச் சொல்லும் சுரண்டுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். சவரம் செய்யும் ரேசரும் அதன் உறவு. பென்சிலையும் அழுத்தி இழுத்தால் காகிதத்தில் பள்ளம் விழும், அதை எந்த ரப்பரும் எடுக்காது. முதல் கோட்டை மெல்லப் போடச் சொல்லி நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.