அங்கே நீ என்ன சாப்பிட்டாய்?

வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகச் சென்று திரும்பும் பெண்ணிடம் நாம் என்ன கேட்கிறோம்? எவ்வளவு உழைத்தாய்? வீட்டைக் கட்டி முடிக்கலாமா? மகளுக்கு நகை கொண்டுவந்தாயா? அடித்தார்களா, சம்பளம் ஒழுங்காகத் தந்தார்களா என்றுகூடக் கேட்கிறோம். ஆனால் "அங்கே நீ என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

மூதூரில் பெண்கள் குழுக்களுடன் வேலை செய்யத் தொடங்கியபோது நானும் இதைக் கேட்டதில்லை. நாங்கள் நிரப்பும் படிவத்தில் அதற்கு இடமில்லை. ஒருநாள் கூட்டம் முடிய மதியம் தாண்டிவிட்டது. பக்கத்துக் கடையில் பாண் வாங்கி, நடுவே சம்பல் வைத்து எல்லோருக்கும் பகிர்ந்தார்கள். ஐம்பது வயதை நெருங்கிய ஒரு சகோதரி அதைக் கையில் வைத்தபடி சிரித்தார்.

"மிஸ், லெபனான்ல ஒரு நாளைக்கு எத்தின சாண்ட்விச் செஞ்சிருப்பன். எனக்கெண்டு ஒண்டு செய்ய ஆறு மாசம் எடுத்திச்சு."

நிறைந்த பெட்டியும் வெறும் வயிறும்

அவர் 2004ஆம் ஆண்டு பெய்ரூட்டில் ஒரு வீட்டுக்குச் சென்றவர். காலையில் பிள்ளைகளின் பாடசாலைப் பைக்குச் சாண்ட்விச் செய்வதுதான் முதல் வேலை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் மெல்லிதாகச் சீவிய இறைச்சி வகைகள், பாலாடைக்கட்டி, ஒலிவ் காய், 'லப்னே' எனப்படும் கட்டித் தயிர் எல்லாம் இருக்கும். இளஞ்சிவப்பு நிறத்தில், உள்ளே பிஸ்தாப் பருப்பு தெரிய வட்ட வட்டமாக இருப்பதுதான் மோர்ட்டடெல்லா. இறைச்சியை மிக நன்றாக அரைத்து, உறையில் அடைத்து, வேகவைத்துச் செய்வது. இத்தாலியின் பொலோனியா நகரத்து உணவு அது. அங்கே பன்றி இறைச்சியில் செய்வார்கள். அரபு நாடுகளில் பெரும்பாலும் மாட்டிறைச்சியில் அல்லது கோழியில் செய்கிறார்கள்.

"என்ட சாப்பாடு எது எண்டு ஆரும் சொல்லல. தொட்டா களவெண்டு சொல்லுவாங்களோ எண்டு பயம். அந்த வீட்டாக்கள் கிறிஸ்தவங்க, ஹலால் எது, ஹறாம் எது எண்டும் தெரியல. தேத்தண்ணியில குப்பூஸைத் தோய்ச்சுத் திண்டுட்டுப் படுப்பன்."

அந்த வீட்டில் உணவுக்குப் பஞ்சமில்லை. இல்லாதது அனுமதி மட்டுமே. பசி என்பது வறுமையால் மட்டும் வருவதில்லை, அதிகாரம் இல்லாத இடத்திலும் வருகிறது என்பதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட இந்தச் சகோதரியே எனக்குத் தெளிவாக விளக்கினார்.

அவருக்கு வழிகாட்டியது சிறுவயதில் குர்ஆன் மத்ரஸாவில் படித்த அரபு எழுத்து. அர்த்தம் தெரியாவிட்டாலும் எழுத்துக்கூட்ட முடிந்தது. 'கின்ஸீர்' என்றால் பன்றி என்பதை அறிந்துகொண்டார். பின்னர் ஒருநாள் துணிந்து வீட்டு எஜமானியிடம், "மேடம், எனக்குரிய சாப்பாடு எது?" என்று கேட்டார். அந்தப் பெண் திகைத்துப் போனாராம். அன்றே பெட்டியில் ஒரு தட்டை ஒதுக்கி, கோழியும் லப்னேயும் வைத்தார். "அவ கெட்டவ இல்ல மிஸ். அது அவட யோசனையில வரல, அவ்வளவுதான்."

எல்லா வீடுகளிலும் இப்படிக் கேட்டவுடன் கிடைப்பதில்லை. மூதூரில் பிறந்த ரிசானா நபீக் 2005இல் சவூதி சென்று, 2013 ஜனவரி 9ஆந் திகதி அங்கே மரண தண்டனைக்கு உள்ளாக்கப்பட்டதை நாம் மறக்க முடியாது. அத்தகைய பெருந்துயரங்களைப் பற்றிப் பேசுகிறோம். நாள்தோறும் நேரும் சிறிய துன்பங்களைப் பற்றித்தான் பேசுவதில்லை.

இரண்டு பக்கமும் பாண்

2006ஆம் ஆண்டு ஜூலை 12 முதல் ஆகஸ்ட் 14 வரை லெபனானில் யுத்தம். அதே ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூதூரிலும் யுத்தம். இங்கே முஸ்லிம் மக்கள் நடந்தே கந்தளாய்ப் பக்கம் போனார்கள். சம்பூர், மூதூர் கிழக்குத் தமிழ் மக்கள் மட்டக்களப்பு வரை இடம்பெயர்ந்தார்கள்.

அந்த வீட்டார் மலைப்பக்கத்து உறவினர் வீட்டுக்கு இவரையும் கூட்டிச் சென்றார்கள். மின்சாரம் இல்லாததால் குளிர்சாதனப் பெட்டி வேலை செய்யவில்லை. தகரத்தில் அடைத்த இறைச்சியையும் குப்பூஸையும் கொண்டு அத்தனை பேருக்கும் சாண்ட்விச் செய்தவர் இவர். பிள்ளைகளோ உம்மாவுடன் கந்தளாயில். பல நாட்களாகத் தொலைபேசித் தொடர்பே இல்லை. கடைசியில் கிடைத்தபோது, "என்ன மகன் திண்ட?" என்றுதான் முதலில் கேட்டாராம். "பாண் தந்தாங்க உம்மா" என்றான் மகன். "ரெண்டு பக்கமும் குண்டு, ரெண்டு பக்கமும் பாண்" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

பொதியைப் படிக்கப் பழகுவோம்

குழுவில் சம்பூரைச் சேர்ந்த இன்னொரு சகோதரி குவைத்தில் வேலை செய்தவர். அவர் மாட்டிறைச்சி சாப்பிடாதவர். பொதியில் 'ஹலால்' என்று இருந்தாலும் அது மாட்டிறைச்சியாக இருக்கலாம் என்பது அவருக்குப் பிந்தித்தான் தெரிந்தது. இருவரும் சேர்ந்து, புதிதாகப் போகவிருந்த பெண்களுக்குச் சில சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள்.

அரபியில் 'தஜாஜ்' என்றால் கோழி. 'பகர்' என்றால் மாடு. 'ஸமக்' என்றால் மீன். வான்கோழியை 'தீக் ரூமி' என்பார்கள், லெபனானில் 'ஹபஷ்' என்பார்கள். சைப்பிரசுக்குப் போவோர் பன்றியைக் குறிக்கும் 'ஹிரினோ' என்ற கிரேக்கச் சொல்லையும், இத்தாலிக்குப் போவோர் 'மயாலே' என்பதையும் அறிந்திருக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர்கள் சொல்லின் வடிவத்தை ஒரு கொப்பியில் வரைந்து எடுத்துச் செல்லலாம்.

வேறு சில விடயங்களும் கவனத்திற்குரியவை. சீவிய இறைச்சிப் பொதியைத் திறந்தால் குளிரில் வைத்து 3 முதல் 5 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். மேசையில் 2 மணித்தியாலத்துக்கு மேல் இருந்ததை உண்ணக்கூடாது. கடும் வெப்பத்தில் 1 மணித்தியாலமே அதிகம். "மிச்சத்தை நீ சாப்பிடு" என்று தரப்படுவது பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். வீங்கிய தகரத்தைத் திறக்கவே வேண்டாம். கர்ப்பிணிகள் இவ்வகை இறைச்சியைச் சூடாக்காமல் உண்பது ஆபத்து. குளிரிலும் வளரும் லிஸ்டீரியா என்னும் கிருமி வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது.

இவற்றில் உப்பு அதிகம் என்பதால் பிரஷர் உள்ளவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும். பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2015இல் அறிவித்தது. நாள்தோறும் 50 கிராம் உண்டால் அந்த அபாயம் சுமார் 18 வீதம் கூடும் என்பது அதன் கணிப்பு. ஆகவே இடைக்கிடை உண்ணலாம், தினசரி உணவாக்க வேண்டாம். முட்டை, லப்னே, அவித்த கடலை ஆகியவற்றைக் கேட்டு வாங்குவது நல்லது.

கேட்பது பிச்சையல்ல

உணவு எஜமானின் தயவல்ல. குவைத்தின் 2015ஆம் ஆண்டு 68ஆம் இலக்கச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு உணவும் உடையும் மருந்தும் தங்குமிடமும் கொடுப்பதை எஜமானின் கடமையாக்கியுள்ளது. கட்டாரின் 2017ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டமும் உணவைக் கடமையாகச் சொல்கிறது. புறப்படுவதற்கு முன் ஒப்பந்தத்தில் உணவு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள், தெரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கே போன முதல் வாரத்திலேயே "எனக்குரிய சாப்பாடு எது?" என்று கேட்டுவிடுங்கள். உணவு மறுக்கப்படுகிறது என்று தெரிந்தால் இங்குள்ள குடும்பத்தார் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

சென்ற மாதம் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனேன். மூதூர் எருமைத் தயிரில் உப்புக் கலந்து, வெள்ளைத் துணியில் கட்டி இரவு முழுவதும் தொங்கவிட்டிருந்தார். காலையில் தண்ணீர் வடிந்து லப்னே தயார். ரொட்டியில் பூசி, வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டி முதலாவதை எனக்குத் தந்தார், இரண்டாவதை மகனுக்குக் கொடுத்தார்.

"உங்களுக்கு?" என்றேன்.

"எனக்கும் இருக்கு மிஸ்" என்று மூன்றாவதைக் காட்டினார்.

சகோதரிகளே, உங்கள் மகளோ, தங்கையோ, மச்சாளோ இன்றிரவு வெளிநாட்டிலிருந்து பேசினால், காசு அனுப்பியதைக் கேட்பதற்கு முன் அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். "ஓம்" என்று சொன்னால் அத்துடன் விட்டுவிடாதீர்கள். என்ன சாப்பிட்டாள் என்றும் கேளுங்கள்.