சந்தேகியின் வேத பாராயணம்

சந்தேகிக்கு வேதம் வாசிக்க யோக்கியதையில்லை என்பார் சிலர். நாம் அதை ஒப்புக்கொள்ளோம். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த தாமஸ் ஜெபர்ஸன், கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, இங்கிலீஷ் ஆகிய நான்கு பாஷைகளின் சுவிசேஷங்களைக் கத்தியால் வெட்டி ஒட்டி, 1820-ஆம் வருஷத்தில் தமக்கென ஒரு நூல் தொகுத்து முடித்தார். அற்புதங்களை விலக்கினார், மலைப் பிரசங்கத்தை வைத்துக்கொண்டார். இயேசுவைக் கல்லறையில் வைத்ததோடு அந்நூல் முடிகிறது. பக்தியோடு ஓதுவோரில் எத்தனை பேர் இவ்வளவு ஊன்றிப் படிக்கிறார்கள்?

ஆயினும், அயலானை நேசி என்னும் கட்டளையை வெட்டாது விட்ட அவரே, தம் ஆயுளில் 600-க்கு மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். வேதத்தைச் சோதிக்க அவருக்குத் துணிவிருந்தது. வேதம் தம்மைச் சோதிக்க அவர் இடங்கொடுக்கவில்லை. அன்பர்களே! சந்தேகித்தே படியுங்கள், கத்திக்குத் தப்பிய வாக்கியத்திற்கேனும் கட்டுப்படுங்கள்.