அவசர மருத்துவம் பயின்ற குடும்ப மருத்துவர்

அவசர மருத்துவம் பயின்ற குடும்ப மருத்துவர் என்பவர், எல்லா வயதினருக்கும் தொடர்ந்து பொது மருத்துவம் பார்ப்பதுடன், விபத்து, மாரடைப்பு, நச்சுக்கடி போன்ற நிலைகளில் உடனடிச் சிகிச்சை அளிக்கவும் தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஆவார். கனடாவில் இதற்கென முறையான கல்விப் பாதை உண்டு. இந்தியாவில் இவை இரண்டும் தனித்தனி முதுநிலைப் படிப்புகளாக உள்ளன. எனினும் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரே மருத்துவர் இரண்டையும் செய்ய வேண்டியிருக்கிறது.

கனடாவின் முறை

கனடாவில் இரண்டு ஆண்டு குடும்ப மருத்துவப் பயிற்சியை முடித்தவர், மேலும் ஓராண்டு அவசர மருத்துவம் பயிலலாம். ஐந்தாண்டு நேரடி அவசர மருத்துவப் பயிற்சி வேறு. ஓராண்டுப் பயிற்சி பெற்றவர்களுள் பலர் குடும்ப மருத்துவத்தைக் கைவிட்டு முழுநேரமும் அவசரப் பிரிவிலேயே தங்கிவிடுகின்றனர் என்பது அங்கு நெடுநாளைய விவாதம்.

இந்தியாவில்

இந்திய மருத்துவக் கழகம் 2009 ஆம் ஆண்டில்தான் அவசர மருத்துவத்தைத் தனித்துறையாக ஏற்றது. தேசியத் தேர்வு வாரியத்தின் பட்டயப் படிப்பு 2013 இல் தொடங்கியது. அதற்கு முன்னர் விபத்துப் பிரிவுகளைப் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். முடித்த இளம் மருத்துவர்களே கவனித்தனர். இவ்விடைவெளியில் சில தனியார் மருத்துவமனைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் இணைந்து பயிற்சி அளித்தன. மதுரை மீனாட்சி மிசன் மருத்துவமனையில் ஜார்ஜ் வாசிங்டன் பல்கலைக்கழகத்தின் பயிற்சி நடந்தது. இத்தகைய சான்றிதழ் கையில் திறமையைத் தரும். ஆனால் இந்தியாவில் அது முதுநிலைப் பட்டமாக ஏற்கப்படாததால், அதைக் கொண்டு மருத்துவக் கல்லூரி ஆசிரியராக இயலாது. சேரும் முன் மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

மதுரை வட்டாரத்தில்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளிலிருந்து கடுமையான நோயாளிகள் 'பெரியாஸ்பத்திரி' எனப்படும் அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். 108 அவசர ஊர்தி சேவை தமிழ்நாட்டில் 2008 இல் தொடங்கியது. ஆயினும் ஊர்தி ஏறுமுன் செய்யவேண்டியவை உள்ளூர் மருத்துவரின் பொறுப்பே.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். நோயாளியின் இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் அசைக்காமல் 20 நிமிடம் வைப்பர். உறையவில்லையெனில் விரியன் நஞ்சு என ஐயுறலாம். கட்டுவிரியன் கடித்தால் இச்சோதனை உதவாது; வலியும் வீக்கமும் அரிது. தரையில் உறங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார்; பின் இமைகள் தொங்கும், மூச்சுத் தசைகள் செயலிழக்கும். நச்சுமுறி மருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்பதால் அட்ரினலின் ஊசி அருகில் இருக்க வேண்டும். மூச்சுக்குழாய் பொருத்தத் தெரியாத மருத்துவர் மருந்து கொடாமலே மதுரைக்கு அனுப்பிவிடின், வழியில் உயிர் பிரியலாம். அரளி விதை உண்டவருக்கு இதயத் துடிப்பு குறையும். அட்ரோபின் கொடுத்து, தற்காலிகத் துடிப்பூக்கி வசதியுள்ள இடத்துக்கு அனுப்புவதே வழி. தை மாதத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் சல்லிக்கட்டுக் களங்களில் நிற்கும் மருத்துவக் குழுக்களுக்கும் இதே திறன்கள் தேவை.

பணி வாய்ப்புகள்

அரசு உதவி மருத்துவராகச் சேர்வோருக்கு, முதுநிலைப் படிப்பில் பணியிலிருப்போருக்கான ஒதுக்கீடு தமிழ்நாட்டில் உண்டு. தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் முறைப்பணி பார்த்தபடி மாலையில் சொந்த மருத்துவமனை நடத்துவோரும் உளர். 2021 திசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சைச் செலவை, குறிப்பிட்ட வரம்புக்குள், அரசே ஏற்கிறது. இத்திட்டத்தில் தனியார் மருத்துவமனைகளும் இணைக்கப்பட்டுள்ளன.