குழு முகாமிடம்

குழு முகாமிடம் என்பது பொது முகாம் பகுதிகளில் பலர் ஒன்றாகக் கூடாரமிட்டுத் தங்க ஒதுக்கப்பட்ட பெரிய இடம் ஆகும். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் சாதாரண முகாமிடத்தில் குழந்தைகள் உட்பட 6 பேர் வரையே தங்கலாம். குழு முகாமிடத்தில் 13 முதல் 30 பேர் வரை தங்கலாம். முன்பதிவு கட்டாயம். செல்லப் பிராணிகளுக்கு இங்கு அனுமதி இல்லை.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி காக்க வேண்டும். அடுத்தவர் முகாமிடத்தின் குறுக்கே நடப்பது நாகரிகம் அன்று. உணவுப் பொருள்களைக் கரடியால் திறக்க முடியாத இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். மனித உணவுக்குப் பழகிய கரடி ஆபத்தானதாக மாறினால், அதைக் கொல்லவும் நேரிடலாம். வர இயலாதவர்கள் முன்பதிவை உடனே ரத்து செய்தால், அந்த இடம் வேறொரு குழுவுக்குக் கிடைக்கும்.