"அவனுக்கு அதைக் கொடுத்தேன்": ஸ்பானியத்திலும் தமிழிலும் கொடைத்தொடர்

"புத்தகம் எங்கே?" என்னும் வினாவுக்கு "அவனுக்குக் கொடுத்துவிட்டேன்" என விடையிறுப்பின், தமிழில் அது குறைவற்ற தொடரே. கொடுக்கப்பட்டது புத்தகமென்பது வினாவாலேயே பெறப்படுதலின் 'அதை' என்னுஞ் சொல் வேண்டப்படுவதன்று. இத்தொடரை ஆங்கிலத்தில் எழுதுமாறு பணித்தால், கஹவத்தைத் தோட்டப்பகுதி மாணவர் பலர் 'அதை' இன்றியே எழுதிவிடுகின்றனர். ஆங்கிலத்தில் அது வழு. சிவப்பு மை உடனே பாயும். எனினும் அம்மாணவன் இலக்கணமறியாது பிழைத்தானல்லன். தன் தாய்மொழி இலக்கணத்துக்கு அமைந்தே பிழைத்தான். இதனை அவனுக்கு விளக்குதற்கு ஆங்கிலத்தினும் ஸ்பானிய மொழியே சிறந்த துணையாம் என்பது எம் கருத்து.

நம் இலக்கணநூலார் செயப்படுபொருளை இரண்டாம் வேற்றுமைக்கும் கொள்வோனை நான்காம் வேற்றுமைக்கும் உரியவாக்கினர். ஸ்பானியத்தில் உருபேற்ற பெயர்களுக்கு ஈடாகத் தனித்த சிறு சொற்கள் உள. எனக்கு என்பது 'மே'. உனக்கு என்பது 'தே'. அவனுக்கு, அவளுக்கு என்னும் இரண்டும் 'லே'. அதை என்பதற்கோ சொல் இரண்டு. அம்மொழி அஃறிணைக்கும் ஆண், பெண் என்னும் பால் வகுத்தலின், புத்தகத்தை 'லோ' என்றும் கடிதத்தை 'லா' என்றும் சுட்டல் வேண்டும். இரு சொல்லும் ஒருங்கு வருமிடத்துக் கொள்வோன் முன்னும், பொருள் அதன் பின்னும், வினை இறுதியினும் நிற்கும். 'மே லோ தியோ' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "எனக்கு அதைத் தந்தான்" என்றாகும். எழுவாய் வினைவிகுதியாற் பெறப்படுதலும் தமிழை ஒத்ததே. வினைக்குப் பின்னே இவற்றை அடுக்கும் ஆங்கிலத்தில் இவ்வொப்புமை காண்டற்கில்லை.

வேற்றுமையும் உண்டு. "அதை எனக்குத் தந்தான்" என நாம் முறைமாற்றலாம். ஸ்பானியத்தில் முறை மாறாது. பொதுவழக்கில் 'லோ'வை விடுதலும் ஆகாது. உடன்பாட்டு ஏவலில் அவை வினையின் பின் ஒட்டி ஒருசொல்லாகும்: கொடு என்னும் பொருளதாகிய 'தா'வோடு 'மே', 'லோ' சேர்ந்து 'தாமேலோ' என வரும். (இத் 'தா'வை எம் 'தா'வோடு உறவாக்க முனைவார் சிலர் இருப்பர். அது இலத்தீன் 'தாரே' என்பதன் வழித்தோன்றல்; ஒலியொப்புமை உறவாகாது.) எதிர்மறை ஏவலில் மீண்டும் வினைக்கு முன் வரும்: 'நோ மே லோ தேஸ்'.

கற்பார் இடர்ப்படுவது படர்க்கையிலேயே. 'லே லோ' என வருதற்குரியது 'ஸே லோ' எனத் திரியும். 'ஸே லோ தி' என்பதே "அவனுக்கு அதைக் கொடுத்தேன்" என்பதாம். ஈரிலகரம் அடுத்து வருதல் இன்னோசையன்று ஆதலின் திரிந்தது என்பது பாடநூல்கள் பல கூறும் காரணம். அது பொருந்துமாறில்லை. இணையான என்னும் பொருளுடைய 'பாரலேலோ' என்ற சொல்லின் ஈற்றில் அதே ஒலி தடையின்றி ஒலிக்கின்றது. மெய்க்காரணம் மொழிவரலாற்றில் உளது. இலத்தீனின் 'இல்லீ', 'இல்லும்' என்னும் இரு சொல்லும் இணைந்து, பழைய காஸ்தில்ய மொழியில் ஏறக்குறைய 'ஷெலோ' என ஒலித்தன. 16ஆம் நூற்றாண்டளவில் அம்முதலொலி 'ஸே' என நிலைபெற்றது.

இத்திரிபால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. அவனுக்கு, அவளுக்கு, அவர்களுக்கு, மரியாதை முன்னிலையாகிய தங்களுக்கு என்னும் எல்லாவற்றுக்கும் 'ஸே' ஒன்றே. ஐயமறுத்தற்கு 'ஆ எல்யா', அஃதாவது அவளுக்கு, எனப் பின்னும் ஒருகாற் கூறல் வேண்டியதாயிற்று. அமெரிக்க நாடுகளிலோ, கொடுத்த பொருள் ஒன்றேயாயினும் கொண்டார் பலராயின் 'ஸே லோஸ்' எனப் பொருட்சொல்லின் மேற் பன்மையை ஏற்றிக் கூறும் வழக்குப் பரவியுள்ளது. இலக்கணக்காரர் அதனை வழுவென்பர். மக்களோ பன்மையை எங்கேனும் காட்டிவிட விழைகின்றனர், அதில் நியாயமுண்டு.

தமிழ் கொள்வோனைக் காத்த முறை வேறு. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் தருதல், வருதல் ஆகியவற்றைத் தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடுத்தல், செல்லுதல் ஆகியவற்றைப் படர்க்கைக்கும் உரிமையாக்கினார். அவ்விதிப்படி 'தந்தான்' என்ற அளவிலேயே கொண்டவன் யானோ நீயோ என்பதும், 'கொடுத்தான்' எனின் பிறனென்பதும் போதரும். பெயர் கூறாதுவிடினும் கொள்வோன் இடம் வினையிலேயே பொதிந்திருந்தது. நன்னூலார் தரலையும் வரலையும் படர்க்கைக்கும் உடன்பட்டார். கொடையையும் செலவையும் தன்மை முன்னிலைகளுக்கு உடன்பட்டிலர்.

இன்று எம் தோட்டங்களில் "எனக்குக் குடு" என்பது இயல்பான பேச்சு. இரு நூல்களின்படியும் அது வழுவே. யாழ்ப்பாணத்தார் தம்மிடம் தரக் கேட்குங்கால் 'தா' என்பர். மலையாளமோ எனக்குத் தருதல், அவனுக்குக் கொடுத்தல் என்னும் வேறுபாட்டை இன்றுங் காத்துவருகின்றது.

ஸ்பானிய மொழியில் கொடைவினைக்கு இத்தகைய வேறுபாடு இல்லை; ஆயின் செலவிலும் வரவிலும் அது தமிழினும் கண்டிப்புடையது. பேசுவோன் இருக்குமிடம் நோக்கியதே அங்கு வருதல். ஆகவே அடுத்த அறையிலிருந்து அழைத்தவருக்கு நாம் "இதோ வருகிறேன்" என்போம். ஸ்பானியர் 'யா வோய்', "இதோ செல்கிறேன்" என்பர்.