‘தி டெவில் இன்சைட்’: கடைசி நிமிடத்தில் கவிழ்ந்த பேய்ப்படம்

2012 ஜனவரி 6 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான ‘தி டெவில் இன்சைட்’ மொத்தம் 83 நிமிடம் ஓடும் படம். கடைசி ஒரு நிமிடத்தைத் தவிர மற்றதைப் பற்றி இப்போது யாரும் அதிகம் பேசுவதில்லை. வில்லியம் பிரென்ட் பெல் இயக்கினார். அவரும் மேத்யூ பீட்டர்மேனும் சேர்ந்து எழுதினார்கள். செலவு சுமார் 10 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறைக் காசு. படத்தை வாங்கி வெளியிட்டது பாரமவுன்ட். ஓரன் பெலி ஏறத்தாழ 15,000 டாலரில் தன் வீட்டுக்குள்ளேயே எடுத்த ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யை 2009இல் வெளியிட்டு, உலகெங்கும் 19 கோடி டாலருக்கு மேல் வசூல் பார்த்த நிறுவனம் அது. அந்த ருசியில்தான் சிறு செலவுப் படங்களுக்கென்று ‘இன்சர்ஜ்’ என்ற தனிப் பிரிவையே தொடங்கியிருந்தது.

இரண்டு படங்களும் ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ வகை. கதைமாந்தர்களே கையில் கேமரா வைத்து எடுத்த பதிவு பின்னால் யார் கையிலோ கிடைத்தது என்ற பாவனையில் நகர்பவை. பெரிய நடிகர், பளபளப்பான ஒளியமைப்பு, பின்னணி இசை எதுவும் வேண்டாம். படம் ஆடினாலும் மங்கினாலும் அதுவே நிஜத்தன்மை. காசில்லாத இயக்குநருக்கு வரம். ஆனால் இந்த வகைக்கு ஒரு நிரந்தரத் தலைவலி உண்டு. கேமராவைப் பிடித்திருப்பவர் சாகவோ ஓடவோ நேர்ந்தால் பதிவு அங்கேயே நின்றுவிடும். அதன்பிறகு என்ன ஆயிற்று என்று சொல்ல ஆள் இல்லை. இந்த அறுபடலை ஒரு முடிவாக மாற்றுவதுதான் எழுத்தாளரின் வேலை.

‘தி டெவில் இன்சைட்’ அந்த வேலைக்கு வேண்டிய சாமான்களை நன்றாகவே சேர்த்துவைக்கிறது. 1989இல் மரியா ரோசி என்ற பெண்ணுக்குப் பேயோட்டும் சடங்கு நடக்கும்போது, அதை நடத்திய மூவரை அவள் கொன்றுவிடுகிறாள். மனநிலை சரியில்லாதவள் என்று நீதிமன்றம் விடுவிக்க, ரோமில் ஒரு மனநல மருத்துவமனையில் அடைக்கப்படுகிறாள். இருபது ஆண்டுகள் கழித்து மகள் இசபெல்லா, மைக்கேல் என்ற ஆவணப்பட இயக்குநரோடு ரோமுக்கு வருகிறாள். திருச்சபையின் அனுமதியின்றி ரகசியமாகப் பேயோட்டும் பென், டேவிட் என்ற இரு பாதிரியார்கள் துணைக்குச் சேர்கிறார்கள்.

தாயும் மகளும் சந்திக்கும் காட்சி படத்தின் சிறந்த பகுதிகளில் ஒன்று. மரியாவாக நடித்த சூசன் க்ரௌலி, கைகளிலும் கீழுதட்டின் உட்புறத்திலும் தலைகீழ்ச் சிலுவைக் கீறல்களோடு அமர்ந்திருக்கிறார். குழந்தையைக் கொல்வது கடவுளுக்கு ஆகாது என்று மகளிடம் மெல்லச் சொல்கிறார். மகள் கருக்கலைப்பு செய்துகொண்டது தாய்க்குத் தெரிய வழியே இல்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு எந்தக் கிராஃபிக்ஸும் தேவைப்படவில்லை. நிலவறையில் ரோசா என்ற பெண்ணுக்குப் பேயோட்டும் காட்சியும் அப்படித்தான். ரோசாவாக வரும் போனி மார்கன் உடலை வளைத்து வித்தை காட்டும் கலைஞர். அந்த முறுக்கல்களில் பெரும்பகுதி அவர் உடம்பே செய்தது. பணத்தால் அல்ல, ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தால் வந்த பயம் அது.

பேய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும் என்ற விதியையும் படம் முன்கூட்டியே நிறுவிவிடுகிறது. மரியாவிடமிருந்து அது டேவிட்டுக்குத் தாவ, ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தையை அவர் நீரில் அமுக்கப் பார்க்கிறார். பிறகு போலீஸ்காரரின் துப்பாக்கியைப் பிடுங்கித் தன்னையே சுட்டுக்கொள்கிறார். அடுத்து இசபெல்லா. அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு இன்னொரு பாதிரியாரைத் தேடி விரைகிறார்கள். வழியில் வண்டி ஓட்டும் மைக்கேலுக்கு அது தாவுகிறது. அவர் எதிரே வரும் வாகனங்களுக்கு நேராகக் காரை விடுகிறார். மோதல், உருளல், இருட்டு.

இதுவரை பெரிய குற்றம் சொல்ல முடியாது. விபத்து திடீரென வந்தாலும் படம் போட்ட விதியிலிருந்தே வருகிறது. அதன்பிறகுதான் அந்த வினை: இருண்ட திரையில் சில எழுத்துகள். ரோசி வழக்கின் உண்மைகள் இன்னும் தெளிவாகவில்லை, விசாரணை பற்றி மேலும் அறிய இந்த இணையதளத்துக்கு வாருங்கள் என்று ஒரு முகவரி. அவ்வளவுதான் படம். தமிழ்ப்படத்தில் இடைவேளை விட வேண்டிய இடத்தில் வாழ்த்துச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியதுபோல் ஆயிற்று. மரியா என்ன ஆனாள், காரில் யார் பிழைத்தார்கள் என்ற எதற்கும் விடை இல்லை. டிக்கெட் வாங்கி வந்தவரிடம் மீதியை வலைத்தளத்தில் தேடிக்கொள்ளச் சொல்வது விளம்பர உத்தி. கதை முடிவு என்று அதைக் கொள்ள முடியாது. பல அரங்குகளில் ரசிகர்கள் வெளிப்படையாகவே கூச்சலிட்டார்கள்.

அமெரிக்காவில் வெளியீட்டு நாளில் ரசிகர்களிடம் மதிப்பெண் கேட்டு வாங்கும் ‘சினிமாஸ்கோர்’ நிறுவனத்தின் கணிப்பில் படத்துக்குக் கிடைத்தது ‘எஃப்’. அது ஆகக் கடைசித் தரம், அபூர்வமாகவே விழுவது. ஆனால் முதல் வார இறுதி வசூல் 3 கோடியே 37 லட்சம் டாலர். இரண்டாம் வார இறுதியில் அது சுமார் 79 லட்சமாகச் சரிந்தது. முக்கால் பங்குக்கு மேல் காணோம். முன்னோட்டம் கூட்டிவந்த கூட்டத்தை முடிவு விரட்டிவிட்டது.

அறுந்து நிற்பதே குறை என்று சொல்வதற்கில்லை. 1999இல் வந்த ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’டும் பட்டென்று அறுந்துதான் முடிகிறது: நிலவறையின் மூலையில் ஒருவன் சுவரைப் பார்த்து நிற்கிறான், கேமரா விழுகிறது. விநியோக நிறுவனமான ஆர்ட்டிசன் வேறு முடிவுகளை எடுத்துப் பார்க்கச் சொன்னது, எடுத்தும் பார்த்தார்கள். கடைசியில் பழைய முடிவையே வைத்துக்கொண்டு, கொலைகாரன் ஒரு குழந்தையை மூலையில் நிற்கவைத்துவிட்டு இன்னொன்றைக் கொன்றான் என்ற பேட்டியை முன்பகுதியில் சேர்த்தார்கள். அதனால் கடைசிக் காட்சியைப் பார்த்த மாத்திரத்தில் ரசிகருக்கே கணக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் படத்துக்கும் வலைத்தளம் இருந்தது. ஆனால் அது படத்துக்கு முன்னால் ஆவலைத் தூண்டியது, படத்தின் மீதியைத் தன்னிடம் பதுக்கிவைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான தவறு 2010இல் வந்த ‘தி லாஸ்ட் எக்ஸார்சிசம்’ செய்தது. பேய் உண்டா இல்லையா என்ற சந்தேகத்தைப் பொறுமையாக வளர்த்துவிட்டு, கடைசிச் சில நிமிடங்களில் சாத்தான் வழிபாட்டுக் கூட்டம், தீ, வெட்டுக்குத்து என்று எல்லாவற்றையும் கொட்டியது. அங்கே முடிவு அதிகம். இங்கே முடிவே இல்லை.

தயாரிப்பாளர்களுக்கு ‘தி டெவில் இன்சைட்’ நஷ்டம் வைக்கவில்லை. உலக அளவில் அதன் மொத்த வசூல் 10 கோடி டாலரைத் தாண்டியது. படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது, கடைசியில் அந்த முகவரியும் தோன்றுகிறது. அதில் இருந்த ரோசி வழக்குக் கோப்புகள்தான் இப்போது இல்லை.