கணப்புக்கு விறகு

விறகு என்றதும் நம்மில் பலருக்குச் சமையல் அடுப்பே நினைவுக்கு வரும். சோறு வெந்ததும் எரியும் கட்டையை வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்துவிடுவர். அதற்குமேல் அது எரிய வேண்டிய தேவை இல்லை. ஆனால், இமயமலையின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் விறகுக்குச் சமையலைவிடப் பெரிய பணி ஒன்று உண்டு. மாதக்கணக்கில் நீளும் பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருப்பதே அப்பணி. குளிர்காய்வதற்காக மூட்டும் தீயைத் தமிழில் ‘கணப்பு’ என்பர். கணப்புக்கு வேண்டிய விறகை எப்படி வெட்டுகிறார்கள், எப்படிப் பிளக்கிறார்கள், எப்படி அடுக்கிக் காக்கிறார்கள் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

இமாசலப் பிரதேசத்தின் வடபகுதியில் உள்ளது லாஹௌல் பள்ளத்தாக்கு. சந்திரா, பாகா என்னும் இரண்டு ஆறுகள் அங்கே டாண்டி என்னும் ஊரருகில் கலக்கின்றன. கலந்தபின் சந்திரபாகா என்று பெயர் பெறும் அந்த ஆற்றையே கீழ்ப்பகுதிகளில் செனாப் என்று அழைக்கிறோம். பள்ளத்தாக்கின் தலைமை ஊராகிய கேலாங், கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மணாலிக்குச் செல்லும் பழைய வழியில் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாய் குறுக்கிடுகிறது. பனி கொட்டத் தொடங்கினால் கணவாய் மூடிக்கொள்ளும். மீண்டும் திறக்கப் பல மாதங்கள் ஆகும். 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்படும்வரை லாஹௌல் மக்களின் பனிக்காலம் இவ்வாறே கழிந்தது. நடுக்குளிரில் விறகு தீர்ந்துபோனால் வெளியிலிருந்து வாங்கி வரலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகையால் பனிக்காலத்திற்கான விறகு வேலையைக் கோடைக்கு முன்பே தொடங்கினர்.

அவ்வளவு உயரத்தில் காடு மிகக் குறைவு. இருக்கும் மரங்களும் மெதுவாகவே வளரும். வீட்டுத் தேவைக்காக மக்கள் தாங்களே வளர்த்துக்கொண்ட மரம் வில்லோ. கிரிக்கெட் மட்டை செய்யப்படும் மரத்தின் இனத்தைச் சேர்ந்தது இது. வாய்க்கால் கரைகளிலும் வயல் ஓரங்களிலும் இதனை நடுவர். வில்லோவை அடியோடு வெட்டுவதில்லை. ஆள் உயரத்திற்குத் தண்டை விட்டுவிட்டு, மேலே உள்ள கிளைகளை மட்டும் தறிப்பர். தறித்த இடத்தைச் சுற்றிப் புதிய கிளைகள் கிளைத்தெழும். அவை கைத்தடிமனுக்குப் பருத்ததும் மீண்டும் தறிக்கலாம். தளிர்கள் உயரத்திலேயே தோன்றுவதால் ஆடுமாடுகள் அவற்றைக் கடித்துவிட முடியாது. இலைகளோ கால்நடைகளுக்குத் தீவனமாகின்றன. ஒரே மரம் ஒரு குடும்பத்திற்குப் பல்லாண்டுகள் விறகு தருகிறது. மலைச்சரிவின் காட்டுமரமும் பிழைத்துக்கொள்கிறது.

வில்லோ கனமற்ற மரம். சற்றுத் தாழ்ந்த மலைகளில் கிடைக்கும் ஓக் மரம் கனமானது; நெடுநேரம் கனன்று எரியும். ஆயினும் நன்கு உலர்ந்த ஒரு கிலோ வில்லோவும் ஒரு கிலோ ஓக்கும் ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தையே தருகின்றன! வேறுபாடு கூடையின் அளவில்தான் இருக்கிறது. ஒரு கூடை ஓக் விறகு தரும் வெப்பத்திற்குக் கூடுதலான கூடைகள் வில்லோ வேண்டும். எனவே லாஹௌல் வீட்டுக்காரர் பெரிய அடுக்காக அடுக்கவேண்டியுள்ளது.

மரத்தின் வகையைவிட முதன்மையானது அதன் ஈரம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். பத்துக் கிலோ பச்சைக் கட்டையைத் தூக்கி வருபவர் ஐந்து கிலோ நீரையும் சேர்த்தே தூக்கி வருகிறார். நன்றாக உலர்ந்தபின் அதே கட்டையின் எடை ஆறு கிலோவை ஒட்டி நிற்கும். உலராத கட்டையைத் தீயில் இட்டால், அந்த நீர் முழுவதும் முதலில் ஆவியாகவேண்டும். உறைநிலையில் உள்ள நீரைக் கொதிக்கவைக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேலான வெப்பம் கொதிக்கும் நீரை ஆவியாக்கத் தேவை என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவ்வெப்பம் அறைக்குப் பயன்படாமல் நீராவியோடு புகைபோக்கி வழியே வெளியேறிவிடுகிறது.

கணக்கிட்டுப் பார்த்தால் இந்த நேரடி இழப்பு, மரம் தரக்கூடிய வெப்பத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். இவ்வளவுதானா என்று தோன்றும். பெரிய இழப்பு வேறிடத்தில் நேர்கிறது. மரக்கட்டை சூடேறும்போது எரியக்கூடிய வாயுக்கள் அதிலிருந்து வெளிப்படுகின்றன. நாம் காணும் தீச்சுடர் அவ்வாயுக்கள் எரிவதால் உண்டாவதே. வாயுக்கள் போக எஞ்சும் கரி பின்னர்ச் செந்நிறமாகக் கனல்கிறது. மரத்தின் வெப்பத்தில் பெரும்பங்கு அந்த வாயுக்களில்தான் அடங்கியிருக்கிறது. அவை முழுமையாக எரிய அடுப்பு மிகச் சூடாக இருக்கவேண்டும். ஈரக்கட்டை அடுப்பின் சூட்டைத் தணித்துவிடுவதால், வாயுக்கள் எரியாமலே புகையாகிப் போகின்றன. புகையின் ஒரு பகுதி குளிர்ந்து புகைக்குழாயின் உட்புறத்தில் தாராகப் படிகிறது. படிவு தடித்து ஒருநாள் தீப்பற்றினால் வீட்டிற்கே ஆபத்து. ஈரவிறகை அறிந்துகொள்வது கடினமன்று. எரியும்போது அதன் முனையில் நுரை தள்ளும். ‘உஸ்’ என்று சீறும்.

இனிப் பிளத்தலைப் பார்ப்போம். ஒரு கட்டையை, நெடுக்காகச் சேர்த்துக் கட்டிய நுண்குழாய்களின் கற்றை என்று எண்ணிக்கொள்ளுங்கள். மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறிய வழிகள் அவை. வெட்டியபின் நீர் அதே வழிகளில் முனைகளை நோக்கி எளிதாக வெளியேறுகிறது. பக்கவாட்டில் மிக மெதுவாகவே கசிகிறது. மேலே போர்த்திய பட்டை அதனையும் தடுக்கிறது. ஆகவே நீண்ட உருண்டைக் கட்டை ஓராண்டு கிடந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கலாம். குட்டையாக அறுத்து, பட்டை பிளவுபடப் பிளந்தால்தான் காற்று உள்மரத்தைத் தொடும். அறுக்கும் நீளத்தை அடுப்பின் வாய் முடிவு செய்கிறது. கைத்தடிமனுள்ள கிளைகளைப் பிளக்காமலே விடலாம். அடிமரத் துண்டுகளையோ நான்காகவும் எட்டாகவும் பிளக்கவேண்டும்.

வெட்டும் கோடரியும் பிளக்கும் கோடரியும் ஒன்றல்ல. கிளை தறிப்பதற்கு மெல்லிய, கூரிய வாய் வேண்டும். பிளப்பதற்கோ ஆப்பு வடிவில் பருத்த, கனமான தலை வேண்டும். அது நார்களை அறுப்பதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து விலக்குகிறது. பிளப்பவர் கட்டையை ஓர் அடிக்கட்டையின்மேல் நிறுத்தி, முதலில் அதன் முகத்தைக் கூர்ந்து பார்ப்பார். ஏற்கெனவே வெடிப்பு ஓடியிருந்தால் அவ்வழியே கோடரியை இறக்குவார். கணு உள்ள பக்கத்தை விலக்குவார். கணுவில் நார்கள் முறுக்கிக்கொண்டிருப்பதால் கோடரி சிக்கிக்கொள்ளும். பருத்த கட்டையானால் நடுவில் அடிக்காமல் ஓரத்திலிருந்து பிளந்துகொண்டு வருவார். உறைபனியில் விறைத்த கட்டை எளிதில் பிளவுபடும் என்பதால், சிலர் கடினமான துண்டுகளைக் குளிர் நாளுக்கென்றே ஒதுக்கி வைப்பதுண்டு. வேலை தொடங்குமுன் கோடரியின் தலை காம்பில் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். வீச்சு எட்டும் தொலைவில் யாரும் நிற்கக்கூடாது. மாணவர்களே, இது பெரியவர்கள் செய்யும் வேலை. நீங்கள் அடுக்குவதற்கு மட்டும் உதவுங்கள்.

அடுக்குவதிலும் முறை உண்டு. மண்ணில் நேரடியாக வைத்தால் அடிவரிசை ஈரத்தை உறிஞ்சும். எனவே கற்களையோ கழிகளையோ இட்டு அவற்றின்மேல் அடுக்குவர். கட்டைகளை இடைவெளியின்றி நெருக்கிவிடலாகாது. சுவரோடு ஒட்டவும் கூடாது. மேற்புறத்தை மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவைக்க வேண்டும். முழுவதையும் தார்ப்பாயால் இறுக மூடுவது பலர் செய்யும் பிழை. வெளியேறவேண்டிய ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். லாஹௌலில் மழை குறைவு, காற்று வறண்டது, வெயில் கூர்மையானது. அங்குள்ள மண்வீடுகளின் தட்டையான கூரை ஓரங்களில் விறகை அடுக்கிவைப்பர். காற்றும் வெயிலும் படும் இடமாகவும் அது அமைகிறது. பனி மூடிய நாளில் கைக்கெட்டும் தொலைவாகவும் இருக்கிறது. உலர்ந்த கட்டையின் முனைகளில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெடிப்புகள் தோன்றும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் ‘கணீர்’ என்று ஒலிக்கும். ஈரக்கட்டை ‘தொப்’ என்று மங்கலாக ஒலிக்கும்.

விறகு எரியும் அடுப்பு இரும்புத் தகட்டால் ஆனது. இமாசல மக்கள் இதனைத் தந்தூர் என்பர்; ரொட்டி சுடும் தந்தூர் வேறு, இது வேறு. இதன் புகைக்குழாய் கூரையைத் துளைத்து வெளியே செல்கிறது. குளிர்காலத்தில் குடும்பம் முழுவதும் பெரும்பாலும் இந்த ஓர் அறையிலேயே கூடியிருக்கும். அடுப்பின் தலையில் ஒரு பாத்திரத்தில் நீர் எப்போதும் சூடாகிக்கொண்டிருக்கும். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் நாட்டின் பல சமையலறைகளுக்குச் சமையல் எரிவாயு வந்துள்ளது; ஆனால் ஓர் உருளையைக் கொண்டு அறையை இரவு பகலாகச் சூடாக்க இயலாது. எனவே விறகின் தேவை நீடிக்கிறது. அதனைச் சுமப்பவர்களுள் பெண்களே மிகுதி. கட்டைகளை உலரவைத்துச் சுமந்தால் முதுகில் ஏறும் பாரம் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறையும் என்பதை மேலே கண்ட கணக்கிலிருந்து நீங்களே கண்டுபிடிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வட இந்திய நகரங்களில் குளிருக்காகக் கரி அங்கீட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவோர் உண்டு. கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. உறங்குபவர் விழிக்காமலே இறந்துபோக நேரிடும். புகைக்குழாய் இல்லாத எந்தக் கணப்பையும் மூடிய அறைக்குள் வைக்கக்கூடாது.

லாஹௌலின் வில்லோ மரங்களுள் பல இப்போது முதுமையடைந்து பட்டுப்போய்க்கொண்டிருக்கின்றன. கிளையை வெட்டி நட்டே பெருக்கியதால் அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வகையைச் சேர்ந்தவை. நோயோ பூச்சியோ தாக்கினால் ஒருசேரத் தளர்கின்றன. பட்ட மரம் அந்த ஆண்டுக்கு நிறைய விறகு தரும். மறு ஆண்டு முதல் எதுவும் தராது. வசந்தத்தில் மண் இளகியதும் வாய்க்கால் ஓரங்களில் புதிய கழிகளை நட்டு, கால்நடைகள் பட்டையைக் கடிக்காதபடி அவற்றைக் காக்கிறார்கள். அக்கழிகளில் முதல் கிளைகளைத் தறிக்கும் காலம் வரும்வரை, எஞ்சியிருக்கும் கிழமரங்களையும் சுரங்கப்பாதை வழியாக லாரியில் வரும் விறகையும் கொண்டே கூரையோர அடுக்குகள் நிரம்பவேண்டும்.